பெரட்டில் பேர் கூப்பிடாத நாயகி

1. எல்லாரும் லயத்துக்குத் திரும்பிய ஞாயிறு

லுணுகலையில் ஒரு டியூஷன் வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கினோம். பண்டாரவளையிலிருந்து கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், மேசைகளைத் தள்ளிப் போட்டு, நாங்கள் தயாரித்துக்கொண்டிருந்த விளையாட்டைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் முதல் தடவையாக விளையாடக் கொடுத்தோம். அறையின் இடது பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் நான் எழுதிய நாயகி. வலது பக்கத்தில் என் பக்கத்து மேசைக்காரி யோகா எழுதிய நாயகி. கதை ஒன்றுதான், தோட்டம் ஒன்றுதான், நாயகி மட்டும் வேறு. எந்தப் பக்கம் ஆட்களுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுவது என்று எங்கள் முதலாளி ரவி சார் முன்பே சொல்லிவிட்டார்.

என் பக்கத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் ராசாத்தி. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். போனில் விளையாடிப் பழக்கம் உண்டு என்றார். என் விளையாட்டில் நாயகியை விளையாடுகிறவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆணா பெண்ணா, முகம், நிறம், முடி, உயரம், பேர் எல்லாம் அவர் இஷ்டம். ராசாத்தி அவசரப்படவில்லை. மூக்குத்தியை இடப் பக்கம் வைத்துப் பார்த்தார், வலப் பக்கம் வைத்துப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். கடைசியில் பவானி என்று பேர் வைத்தார்.

"என் மகளுக்கு வைக்கணும்னு நெனச்ச பேருங்க. மாமியா விடல" என்று சிரித்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இதற்காகத்தானே எழுதினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பவானி விடியற்காலையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுக் கிளம்பிப் பெரட்டுக்குப் போனாள். தோட்டத்து ஆட்கள் காலையில் கூடி நிற்க, கங்காணி ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு அன்றைய வேலையைச் சொல்வதுதான் பெரட்டு. எங்கள் விளையாட்டிலும் கங்காணி நின்று கூப்பிட்டார். "மாரியாயி! செல்லம்மா! பூங்கோத!" ஒவ்வொருத்தியாக நகர்ந்து போனாள். பவானியின் முறை வந்தது. "ஏய், நீயி மேமலைக்குப் போ" என்றார் கங்காணி.

ராசாத்தி பவானியைத் திருப்பி, வந்த வழியே நடத்திக்கொண்டு போய், லயத்துக்குள் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏங்க, மலைக்குப் போகலயா?" என்று கேட்டேன்.

"எப்புடிங்க போறது? பேரே கூப்புடலயே. பேரு கூப்புடலன்னா இன்னிக்கு வேல இல்லன்னு அர்த்தம். திரும்பிப் போயிற வேண்டியதுதான்."

"இல்லங்க, 'ஏய்'னு சொன்னாருல்ல, அது ஒங்களத்தான்."

"என்னையவா?" ராசாத்தி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "இவன் யாருங்க என்னைய 'ஏய்'ங்குறதுக்கு? எங்க கங்காணி கூட இப்புடிப் பேசுனது இல்ல."

அவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. அடுத்த கம்ப்யூட்டரில் இருந்தவரும் நாயகியைத் திருப்பி லயத்துக்கு நடத்திக்கொண்டிருந்தார். அதற்கடுத்து உட்கார்ந்திருந்த பையன், தான் உருவாக்கிய மீசைக்கார வாலிபனைப் பெரட்டுக்களத்திலேயே நிறுத்திவிட்டு, "மிஸ், என் பேர எப்பக் கூப்புடுவாங்க?" என்று கேட்டான். என் கதை முழுக்க மேமலையில் காத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒருவரும் போகவில்லை.

வலது பக்கத்திலிருந்து ஒரே சிரிப்பும் உச்சுக்கொட்டலும். அங்கே கங்காணி, "அஞ்சல! அடியே அஞ்சல! ஒனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்று கத்திக்கொண்டிருந்தார். ராசாத்தி எழுந்து அந்தப் பக்கம் போய், முன்னால் இருந்தவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையில் பால் விடாத பிளேன்டீயோடு இடது பக்கத்தில் தனியாக நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. தேநீர் சூடாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அது பொறாமைதான்.

2. வெட்டிய துணியும் தைத்த சட்டையும்

இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளுக்காக என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். அதனால் இரண்டு வார்த்தை விளக்கம். நாங்கள் தயாரித்தது ஆர்.பி.ஜி. வகை, அதாவது விளையாடுகிறவர் ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு. அந்தப் பாத்திரத்தை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். முகம், பேர், குணம் எல்லாவற்றையும் விளையாடுகிறவரிடமே விட்டுவிடுவது ஒன்று. ஊர், பேர், அழுகை, சிரிப்பு எல்லாவற்றையும் எழுத்தாளரே முன்கூட்டி எழுதி, "இந்தா, இவளாக இரு" என்று கொடுப்பது மற்றது. ரவி சாரின் அப்பா பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தவர். அதனால் அவர் சொல்லுவது இப்படி: "ஸ்டெல்லா துணிய வெட்டிக் குடுக்குறாங்க. யோகா தச்ச சட்டையாவே குடுக்குறா." ஸ்டெல்லா நான்தான்.

எங்கள் ஆபீஸ் பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருக்கிறது. கோவா, லீக்ஸ் என்று காய்கறி லொறியில் வந்து இறங்கும் வாசனையோடுதான் நாங்கள் அரக்கர்களையும் தொரைமார்களையும் எழுதியிருக்கிறோம். அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்த எழுத்தாளர் நான். அதற்கு முன் போன் விளையாட்டுகளின் மெனுவைத் தமிழாக்கும் வேலை பார்த்தேன். "ஆம்", "இல்லை", "மீண்டும் முயல்க" என்று எழுதி எழுதி விரல் தேய்ந்தவள். எனவே எனக்கென்று ஒரு நாயகி கிடைத்தபோது விடவில்லை.

நான் பிறந்தது பெரகலப் பக்கம் ஒரு தோட்டத்தில். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பெரட்டுக்களம். அங்கே ஒரு பிள்ளையைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லயம், யாரு மக?" அந்தப் பதில் தெரிந்துவிட்டால் மிச்சக் கதையை அவர்களே சொல்லிவிடுவார்கள். எதுவரை படிப்பாள், எந்த மலையில் கூடை தூக்குவாள், யார் வீட்டுக்கு வாக்கப்படுவாள் எல்லாம். நான் படித்து வெளியே வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் யாரும் எதையும் முன்கூட்டி எழுதி வைக்காத ஒருத்தியை உருவாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் தன் முகத்தைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். பேரையும் தானே வைத்துக்கொள்ளட்டும்.

அந்த ஆசைக்கு நான் கொடுத்த விலை தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். ஆணாகவும் விளையாடலாம், பெண்ணாகவும் விளையாடலாம் என்றால் "வந்தான்", "வந்தாள்" என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை எழுத வேண்டும். கோபக்காரராக விளையாடினால் ஒரு பதில், பயந்தாங்கொள்ளியாக விளையாடினால் இன்னொரு பதில். யோகா ஒரு வரி எழுதும் இடத்தில் நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அவள் எழுதிய ஒரு வரியைப் பார்த்து ஆபீஸே கண் கலங்கும். நான் எழுதிய பக்கங்களைப் பார்த்து, "பரவால்ல, எல்லாம் கவர் ஆகியிருக்கு" என்பார் ரவி சார்.

யோகா லுணுகலைக்காரி. என்னைவிட வயதில் இளையவள், பதுளையில் படித்தவள், வாய்க்காரி. வந்த புதிதில் எனக்கு உதவியாளாகத்தான் வைத்தார்கள். சும்மா பயிற்சிக்கு ஒரு பாத்திரம் எழுதிப் பார் என்றதற்கு அவள் அஞ்சலையை எழுதினாள். அஞ்சலைக்குத் தேயிலை வாசனையே பிடிக்காது. அரிசி டின்னுக்குள் ஒரு ஜோடி ஹீல்ஸ் செருப்பை ஒளித்து வைத்திருப்பாள், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போக ஊரில் ஒரு சமமான ரோடு கிடையாது. கொழும்புக்குப் போனதே இல்லை, போனதாகப் புளுகுவாள். கேட்கிறவர்களுக்கும் அது புளுகு என்று தெரியும். ஆனாலும் கேட்பார்கள்.

ஆபீஸ் மொத்தமும் அவள் பின்னால் போனது. ரவி சாரின் மனைவி போன் எடுத்தால் முதலில் அஞ்சலையைத்தான் விசாரிப்பார். கீழே மரக்கறிக் கடைக்காரர் கூட, "அந்தப் புள்ள செருப்பப் போட்டுச்சா இல்லியா?" என்று கேட்டார். என் நாயகியை ஒருவரும் விசாரிக்கவில்லை. எப்படி விசாரிப்பார்கள்? அவளுக்குத்தான் பேரே கிடையாதே.

"அக்கா, ஒங்க ஆளுக்கு மொகமே இல்லியே. நான் யாருகிட்ட பேசுறதுன்னே தெரியல" என்பாள் யோகா, என் பக்கத்து மேசையில் சுற்றுநாற்காலியைச் சுழற்றிக்கொண்டே.

"ஒன் ஆளுக்கு மொகம் மட்டுந்தான் இருக்கு. வெளயாட வாறவளுக்கு உள்ள நொழைய எடமே இல்ல."

"நொழையத் தேவல்லக்கா. அஞ்சலையே வெளிய வந்து கையப் புடிச்சுக் கூட்டிப் போயிருவா."

நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பேன். தினமும் காலையில் அவள் வருவதற்கு முன்பே வந்து, ஆபீஸின் பொதுப் போல்டரில் அவள் முந்தின நாள் எழுதியதைத் திறந்து படிப்பேன். ஏதாவது சொதப்பியிருக்கிறாளா என்று தேடுவேன். சொதப்பியிருந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுக்கும். நன்றாக எழுதியிருந்தால், அதுதான் பெரும்பாலும் நடந்தது, ரொட்டி இறங்காது.

3. ஏன் "ஏய்" என்றேன்

லுணுகலையிலிருந்து திரும்பிய வேனில் ரவி சார் முன்சீட்டில் இருந்து திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, அந்த 'ஏய்' எதுக்கு?"

காரணம் இருந்தது. விளையாட்டில் வரும் மற்றப் பாத்திரங்களின் பேச்சை எல்லாம் நாங்கள் முன்பே குரல் கொடுத்துப் பதிந்துவிடுகிறோம். அஞ்சலை என்ற பேரை ஒரு தடவை பதிந்தால் போதும். என் நாயகிக்கு விளையாடுகிறவர் என்ன பேர் வைப்பார் என்று யாருக்குத் தெரியும்? டைப் செய்த பேரைப் பதிந்த குரல் சொல்லாது. "புள்ள" என்றால் ஆண்பிள்ளையாக விளையாடுகிறவருக்குப் பொருந்தாது. "தம்பி" என்றால் பெண்ணுக்குப் பொருந்தாது. வயதையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், "அக்கா" என்றும் சொல்ல முடியாது, "பாப்பா" என்றும் சொல்ல முடியாது. எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று "ஏய்" போட்டேன்.

"பொதுவா இருக்கட்டும்னு நெனச்சேன் சார்."

"பெரட்டுல என்ன ஸ்டெல்லா பொது? நீங்களே தோட்டத்துல பொறந்தவங்க."

எங்கள் பக்கம் ஒரு நாள் வேலையையே "ஒரு பேர்" என்றுதான் சொல்வார்கள். பாதி நாள் வேலை என்றால் "அரைப் பேர்". பிந்தி வந்தவளைக் கூப்பிடாமல் விட்டால் அவள் கூடையோடு திரும்பி நடப்பதை என் வீட்டு ஜன்னலிலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். வேறு ஊர் ஆட்கள் விளையாடியிருந்தால் அந்த "ஏய்" காதில் கூட விழுந்திருக்காது, பேசாமல் மலைக்குப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள்தான் ஒழுங்காக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"அஞ்சலையோட போயிரலாம்" என்றார் ரவி சார். "ஒங்க வேலய நான் கொற சொல்லல. ஆனா பாத்தீங்கல்ல?"

பின்சீட்டில் யோகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. சிரித்தாள் என்றே வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது அது தேவைப்பட்டது.

"அடுத்த பில்ட் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்று திருத்திய பதிப்புக்கு நாள் கேட்டேன். "பேர் கூப்புட வச்சுக் காட்டுறேன். திரும்ப இதே லுணுகலையில டெஸ்ட் வைப்போம். அப்பவும் ஆளு லயத்துக்குத் திரும்புனா நானே என் போல்டர டிலீட் பண்றேன்."

4. பேர் வாசித்த மதியம்

கங்காணிக்குக் குரல் கொடுத்தவர் ஞானமுத்து அண்ணன். காமன் கூத்தில் வேஷம் கட்டுபவர். மற்ற நாட்களில் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு முன்னால் ஆட்டோ ஓட்டுகிறார். அவரை எங்கள் ரெக்கார்டிங் அறைக்குக் கூட்டிவந்தேன். ரெக்கார்டிங் அறை என்றால் சுவரில் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்த ஸ்டோர் ரூம். என் திட்டம் எளிமையானது. மலைநாட்டில் வைக்கும் பேர்கள் எல்லாவற்றையும் பதிந்துவிடுவது. யார் எதை டைப் செய்தாலும் பொருத்தமான குரல் தயாராக இருக்கும்.

"பாக்கியம்! புஷ்பம்! பரமேஸ்வரி! பிலோமினா!" அண்ணன் கத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு பேரையும் சாதாரணமாக ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை, பாசமாக ஒரு தடவை. மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. இஞ்சி போட்ட தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பவானிக்காக "ப" வரிசையில் ஆரம்பித்திருந்தோம், அதையே இன்னும் தாண்டவில்லை.

கதவு திறந்திருந்தது. யோகா நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"என்னக்கா, எலெக்சன் லிஸ்ட்டா வாசிக்க வைக்கிறீங்க?"

"ஒனக்கு வேற வேல இல்லியா?"

"இருக்கு. ஆனா இங்க போற கூத்துல ஒண்ணும் ஓடல." உள்ளே வந்து மெத்தைச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். "அக்கா, நெசமாவே கேக்குறேன். பெரட்டுல யாரு சொந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா? எங்கம்மா பேரு சரஸ்வதி. கங்காணி 'ஏ வெங்கலம்'னுதான் கூப்புடுவாரு, கொரல் அப்புடி. அம்மா செத்தப்ப நோட்டீஸ் அடிச்சோம். அதப் பாத்துட்டுப் பாதிப் பேரு 'யாரு இந்த சரஸ்வதி'ன்னு கேட்டாங்க."

ஞானமுத்து அண்ணன் கட்டிய தொண்டையோடு சிரித்தார். "என்னைய பஞ்சாங்கம்பாங்க. மணி கேட்டா நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் சொல்லிருவேன்னு."

"பட்டப்பேரு யாரும் தானா வச்சிக்கிறது இல்லக்கா" என்றாள் யோகா. "நாம பண்றதப் பாத்து ஊரு வைக்கும். ஒங்க ஆளு பெரட்டுக்கு வாறதுக்கு முந்தி லயத்துல என்னென்ன பண்றாளோ, அதப் பாத்து கங்காணி ஒரு பட்டப்பேரு வைக்கட்டும். கொஞ்சமா பதிஞ்சாலே போதும். எல்லாருக்கும் கூப்புடலாம்."

எனக்கு உள்ளுக்குள் சுரீர் என்றது. அவள் சொன்னது சரி. "ஏய்" என்பது நம்மைத் தெரியாதவன் கூப்பிடுவது. பட்டப்பேர் நம்மை நன்றாகத் தெரிந்தவன் கூப்பிடுவது. எங்கள் அப்பாவை வெயில் காலத்திலும் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளருக்காக "மப்ளர்" என்றுதான் தோட்டம் முழுக்கக் கூப்பிட்டது. மப்ளர் மகள் என்றுதான் என்னையும் கூப்பிட்டார்கள். இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வராமல் இவளுக்கு வந்ததுதான் அப்போது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

"எதுக்கு எனக்குச் சொல்ற?" என்றேன். "என்னோடது தோத்தா ஒன்னோடதுதானே வெளிய வரும்?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க்கா. நல்லா இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். எதைச் செய்தால் எந்தப் பேர் என்ற விதிகளை நான் வகுத்தேன். பேர்களையும் கங்காணியின் வசனத்தையும் அவள் எழுதினாள். கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்று மூக்குத்தி மாற்றினால் "தொரசாணி", ஆணாக இருந்தால் "சின்னத்தொர". வழியில் பார்த்த எல்லாரிடமும் வாய் கொடுத்தால் "ரேடியோ". யார் பின்னாலாவது ஒட்டிக்கொண்டே நடந்தால் "அட்ட". இப்படிக் கொஞ்சம். நான் விதியை எழுதிக் கொடுத்த கையோடு அவள் பேரைச் சொல்லிவிடுவாள். யோசிக்கவே மாட்டாள். அந்த வேகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

5. தொரசாணி மலைக்குப் போனாள்

மறுபடியும் லுணுகலை, அதே வகுப்பறை. ராசாத்தி வந்தார். என் பக்கம் உட்காரச் சொன்னதற்கு முகத்தைச் சுளித்தார்.

"அந்த 'ஏய்'காரன் இருக்கானாங்க?"

"இருக்காரு. ஒரு தடவ பாருங்க."

பழையபடி மூக்குத்தியில் ஆரம்பித்தார். இடம், வலம், கழற்று. இந்தத் தடவை பொட்டையும் மாற்றினார். பவானி என்று பேர் வைத்தார். பவானி பெரட்டுக்களத்தில் காலை வைத்ததும் கங்காணி தலையைத் தூக்கினார். "வாங்க தொரசாணி, வாங்க! சிங்காரிச்சு முடிஞ்சிச்சா? மேமல ஒங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கு. நடங்க, நடங்க!"

ராசாத்தி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். பக்கத்தில் இருந்தவரின் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தார். "இவன் பாத்துட்டான்டீ! நான் மூக்குத்தி மாத்துனத இவன் பாத்துட்டான்!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே பவானியை மேமலைக்கு நடத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

யாருமே லயத்துக்குத் திரும்பவில்லை. மீசைக்கார வாலிபனை உருவாக்கிய பையனுக்கு "அட்ட" என்று பேர் விழுந்தது. அதைப் பொறுக்க முடியாமல், "மிஸ், திரும்ப மொதல்ல இருந்து" என்று கெஞ்சினான். ஒருவர் திரையை மற்றவர் எட்டிப் பார்த்து, "ஒனக்கு என்னா பேரு வச்சான்?" என்று கேட்டுக்கொண்டார்கள். ரேடியோ என்று பேர் வாங்கிய அம்மாவுக்கு ஊரிலும் அதுதான் பேராம். அந்த அம்மா எழுந்து போய்த் தன் தங்கச்சியைக் கூட்டிவந்தார்.

வலது பக்கம் ஆள் குறைந்திருந்தது. யோகா கையில் பிளேன்டீயோடு அஞ்சலையின் கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் தனியாக நின்றாள், போன தடவை நான் நின்ற மாதிரியே. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் பக்கம் போய் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கூடத் தோன்றியது. ஜெயித்தவர்களுக்கு அப்படியெல்லாம் தோன்றும்.

பாதித் தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. அத்தனை பேரும் சிரித்தது யோகாவின் வார்த்தைகளுக்கு. தொரசாணி அவள் வைத்த பேர். "சிங்காரிச்சு முடிஞ்சிச்சா" அவள் எழுதிய வசனம். என் விதிகளை ஒருவரும் பார்க்கவில்லை, விதியை யார் பார்ப்பார்கள்? திரும்பி வந்து என் பிளேன்டீயை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ரவி சார் வேனில் ஏறும்போதே முடிவைச் சொன்னார். நாயகி என்னுடையவள். அஞ்சலையைக் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. அவளை நாயகிக்குப் பக்கத்து வீட்டில் குடிவைத்தோம். செருப்பு, புளுகு எல்லாவற்றோடும்.

விளையாட்டு வெளிவந்துவிட்டது. மட்டக்களப்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதுகிறார்கள். எல்லாரும் என் நாயகியாகத்தான் விளையாடுகிறார்கள். எல்லாரும் விசாரிப்பது அஞ்சலையை. "அவளை எப்படியாவது கொழும்புக்குக் கூட்டிப் போக வழி இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். என் நாயகிக்கு இத்தனை வழிகள் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் ஏறி, அஞ்சலையைச் சந்தோஷப்படுத்தப் போகிறார்கள்.

6. கங்காணி எனக்கு வைத்த பேர்

சொந்தமாக எழுதியதை நிதானமாக உட்கார்ந்து விளையாட எங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. வெளியீடு முடிந்து, வேலை ஓய்ந்த ஒரு மத்தியானம் நான் அதைத் திறந்தேன். எனக்குப் பிடித்த முகத்தை வைத்தேன், மூக்குத்தி வேண்டாம் என்று விட்டேன். லயத்தில் எழுந்தேன், தண்ணீர் பிடித்தேன், ரொட்டியைக் கட்டினேன். பெரட்டுக்குக் கிளம்பும்போது கால் தானாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியது. அஞ்சலை வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் என்ன இருக்கிறது, அரிசி டின் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். வாசலுக்கு வந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

பெரட்டுக்களத்தில் ஞானமுத்து அண்ணனின் குரல் கேட்டது. "ஏ கொக்கு! கழுத்த உள்ள இழு. அடுத்தவ வீட்டுல என்ன வேகுதுன்னு பாத்தது போதும், ஒன் மலையப் பாரு!"

நான் வகுத்த விதிகளில் கொக்கு கிடையாது. அதை எனக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள். சுற்றுநாற்காலி கிறீச்சிட்டது. யோகா என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப போட்ட இத?"

"கடைசி பில்ட்லக்கா." கொஞ்சம் தயங்கினாள். "நம்ம போல்டர்ல எந்த பைல யாரு தொறந்தான்னு பக்கத்துலயே பேரு காட்டும். ஒங்களுக்குத் தெரியாதா?"

தினமும் காலையில் நான் திறந்த ஒவ்வொரு பைலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப என்னைய வச்சுத்தான் எழுதுன."

"எழுதுனது ஒங்கள வச்சு இல்லக்கா. பேரு காட்டுற விஷயமே எனக்கு எப்புடித் தெரிஞ்சிச்சுன்னு நெனக்கிறீங்க? நான் ஒங்க போல்டரத் தொறந்து பாக்கப் போயி, அங்க என் பேரே காட்டுனதப் பாத்துத்தானே தெரிஞ்சிச்சு. நீங்க சாயங்காலம் பஸ்ஸுக்குப் போன பொறகு, தெனமும் பாப்பேன்." இப்போது அவள் சிரிக்கவில்லை. "அஞ்சல நான் எழுதுனதத்தான் பேசுவா. அதத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டா. ஒங்க ஆளு நாளைக்கு என்ன பண்ணுவான்னு ஒங்களுக்கே தெரியாது. அதப் பாக்கப் பாக்க எனக்கு எரியும்க்கா. அந்தப் பேரு மொதல்ல விழுந்தது எனக்குத்தான். டெஸ்ட் பண்ண ஒங்க ஆளா வெளயாடுனேன், போயி எட்டிப் பாத்தேன்."

"யாரு வீட்ட?"

"அஞ்சல வீட்டத்தான். வேற யாரு வீட்ட? நான் எழுதுனவ எப்புடி இருக்கான்னு வெளிய இருந்து பாக்கணும்னு இருந்துச்சு."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். என் நாயகி பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அஞ்சலை, பிந்தி வந்து, கங்காணியிடம் புதிதாக ஒரு புளுகை ஆரம்பித்தாள். ஞானமுத்து அண்ணன் குரலில் கங்காணி அலுத்துக்கொண்டார். நாங்கள் இருவருமே அடுத்து என்ன வரும் என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளே, சட்டையைத் தைத்துக் கொடுப்பதா, துணியை வெட்டிக் கொடுப்பதா என்று இந்தத் தொழிலில் சண்டை ஓயாது. நான் கற்றது இவ்வளவுதான். முகத்தை விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்கலாம், பிறந்த கதையை எழுத்தாளர் எழுதலாம், ஆனால் ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பக்கத்தில் வேறு ஒருத்தர் வேண்டும். அவர் அவளைப் பார்த்திருக்கவும் வேண்டும். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து வயிறு எரிந்தால் எரியட்டும், ஆனால் நன்றாகப் பாருங்கள். யோகா எழுதியதைப் படித்த அளவு கவனமாக நான் படித்த எழுத்து உலகத்தில் வேறு கிடையாது.

ஞானமுத்து அண்ணனுக்கு இந்தக் கதையை யோகா சொல்லிவிட்டாள். இப்போது அவர் ஆபீஸுக்கு வந்தால் கீழே மரக்கறிக் கடையிலிருந்தே, "ஏ கொக்கு!" என்று கத்துகிறார். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்புகிறோம். என்னை மப்ளர் மகள் என்று கூப்பிட்ட ஊரை விட்டு வந்த பிறகு எனக்கு ஒருவரும் பட்டப்பேர் வைத்ததில்லை. இது எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. பொருந்தும்படி எழுதியது அவள். அதுதான் இன்னும் எனக்கு எரிகிறது.